பாலும் மனித உடலும்: ஒரு நீண்ட இணக்கத்தின் வரலாறு

பால்குடி மறந்தபின் பாலைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுவது பாலூட்டிகளின் பொது இயல்பு. மனித இனத்தின் பெரும்பகுதியும் அவ்வியல்பிலிருந்து இன்றுவரை விலகவில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை, குளுக்கோஸ், காலக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகள் பிணைந்து உருவானது. சிறுகுடலின் உட்சுவரில் உண்டாகும் லாக்டேஸ் என்னும் நொதி அப்பிணைப்பை அறுத்த பின்னரே அவை இரத்தத்தில் கலக்க இயலும். அந்நொதி குறைந்தவர்களிடம், பிரிபடாத லாக்டோஸ் பெருங்குடலை அடைந்து நீரை ஈர்க்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்வதால் வாயு பெருகி, வயிற்று உப்புசமும் இரைச்சலும் கழிச்சலும் ஏற்படுகின்றன. உலகில் வயது வந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு லாக்டோஸ் முழுமையாகச் செரிப்பதில்லை. ஆயினும், இந்தப் பெரும்பான்மையின் இயல்பை மருத்துவ உலகம் நெடுங்காலம் குறைபாடாகவே கருதிவந்தது.

அதற்குக் காரணம், அவ்வுலகம் தன் அளவுகோலைப் பெரிதும் ஐரோப்பிய வழிவந்தோரின் உடலிலிருந்து பெற்றிருந்ததே ஆகும். 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வுகள், நல்ல உடல்நலம் கொண்ட கறுப்பின மக்களுள் பெரும்பாலோருக்கு இந்நொதி குறைவாக இருப்பதையும், வெள்ளையருள் சிலருக்கே அவ்வாறு இருப்பதையும் காட்டின. 1966இல் உகாண்டாவில் ஜி. சி. குக், எஸ். கே. கஜுபி ஆகியோர் செய்த ஆய்வு இதனினும் முக்கியமானது. ஏனெனில் ஒரே நாட்டில் வாழ்ந்தும், வேளாண்மை செய்த பகண்டா மக்களிடம் நொதி குன்றியிருந்ததையும், கால்நடை வளர்த்த ஹிமா மக்களிடம் அது நிலைத்திருந்ததையும் அது வெளிப்படுத்தியது. நைஜீரியாவின் யோருபா மக்களுக்கும் மேய்ச்சல் தொழிலுடைய ஃபுலானி மக்களுக்கும் இடையே இதே வேறுபாடு பின்னர்க் காணப்பட்டது. எனவே வேறுபாடு தோலின் நிறத்தைப் பொறுத்ததன்று, முன்னோர் மேற்கொண்ட வாழ்க்கை முறையைப் பொறுத்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. புவியியலாளர் ஃபிரெடரிக் சிமூன்ஸ், பால் கறந்து உண்ட சமூகங்களிலேயே இத்திறன் இயற்கைத் தேர்வால் பரவியது என்று விளக்கினார்.

இவ்விளக்கத்திற்கு மரபியல் ஆதாரம் 2002இல் பின்லாந்திலிருந்து வந்தது. நபில் எனத்தாவும் அவருடன் பணியாற்றியோரும், லாக்டேஸ் மரபணுவுக்கு ஏறத்தாழ 14,000 டி.என்.ஏ. எழுத்துகள் முன்னால் அமைந்த ஓர் ஒற்றை எழுத்தின் மாற்றமே, வயது வந்த பின்னும் நொதி உண்டாவதோடு தொடர்புடையது என்று கண்டறிந்தனர். சாரா டிஷ்காஃப் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வோ, கென்யா, தான்சானியா, சூடான் மக்களிடம் அதே பகுதியில் வேறு திரிபுகள் இருப்பதைக் காட்டியது. அரேபியாவிலும் தனித்ததொரு திரிபு காணப்படுகிறது. கறவை விலங்குகளைச் சார்ந்து வாழ்ந்த மக்களிடையே, வெவ்வேறு நிலப்பகுதிகளில், ஒன்றையொன்று சாராமல் ஒரே பயன் தரும் மாற்றங்கள் தோன்றின என்பதே இதன் பொருள்.

எனினும், உடல் மாறிய பின்னரே மக்கள் பாலை நாடினர் என்று எண்ணுவது பிழையாகும். ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் 2,200க்கும் மேற்பட்ட பானைகளில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்து, வடமேற்கு அனத்தோலியாவில் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே பால் பயன்பட்டதை 2008இல் நிறுவினர். போலந்தில் கிடைத்த, ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமையான துளையிட்ட பானை ஓடுகளில் பால் கொழுப்பு இருந்ததால், அவை பாலாடைக்கட்டி வடிக்கப் பயன்பட்டவை என்பது உறுதியானது. ஆனால் ஐரோப்பாவின் புதிய கற்கால எலும்புகளை யோஆகிம் புர்கர் குழுவினர் 2007இல் ஆராய்ந்தபோது, அவற்றில் அம்மரபணுத் திரிபு தென்படவில்லை. ஆகவே, அக்கால மக்கள் பாலைத் திரித்தும் புளிக்கவைத்தும் வடித்தும் அதன் லாக்டோஸைக் குறைத்து உண்டனர் என்று கொள்வதே பொருந்தும். உடலின் மாற்றம் பல்லாயிரம் ஆண்டு கழித்தே பரவியது. பஞ்சமும் தொற்றுநோயும் வந்த காலங்களில், நலிந்த உடலுக்குப் பாலால் உண்டாகும் கழிச்சல் உயிருக்கே ஆபத்தானதால் தேர்வு விரைவு பெற்றது என்று 2022இல் ஓர் ஆய்வு முன்மொழிந்தது.

சமையல் நுட்பமே போதும் என்பதற்கு மங்கோலியா சான்றாக நிற்கிறது. அங்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் பற்படிவுகளில் பால் புரதங்கள் கிடைத்துள்ளன. ஆயினும் பாலுணவை வாழ்வின் அடித்தளமாகக் கொண்ட இன்றைய மங்கோலியருள்ளும் நொதி நிலைத்தோர் சிறுபான்மையினரே. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த ஐராக், தயிர், உலர்ந்த பாற்கட்டிகள் ஆகியவற்றின் வழியே அம்மக்கள் பாலை உணவாக்கிக் கொண்டனர்.

உடலின் மாற்றம், சமையல் நுட்பம் ஆகிய இரு வழிகளையும் இந்திய வரலாறு ஒருங்கே காட்டுகிறது. 2,284 பேரின் மரபணு மாதிரிகளைக் கொண்டு 2012இல் வெளிவந்த ஆய்வு, ஐரோப்பியரிடம் காணப்படும் அதே திரிபு, பொது மூதாதையர் வழியே இங்கும் வந்துள்ளதையும், அது வடமேற்கில் மிகுந்து தென்கிழக்கு நோக்கிக் குறைவதையும் உறுதிப்படுத்தியது. இப்பொதுப் போக்கிற்கு விலக்காக, நீலகிரியில் எருமை வளர்த்துவாழும் தோடரிடம் அத்திரிபு மிகுதியாக உள்ளது. தென்னிந்தியாவின் பிற மக்களிடம் அது அரிதாயினும், பாலைத் தயிராகவும் மோராகவும் நெய்யாகவும் மாற்றி உண்ணும் வழக்கம் ஆழ வேரூன்றியிருக்கிறது. உறைமோரிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. உருக்கிய நெய்யிலோ லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை.

இவ்வரலாறு இன்றைய உணவுக் கொள்கைக்கும் உரியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா தன் உபரிப் பால்மாவை உதவியாகப் பிற நாடுகளுக்கு அனுப்பியபோது, பெறுவோரின் உடல் அதனை எவ்வாறு ஏற்கும் என்னும் கேள்வி போதிய அளவு எழவில்லை. நொதி குறைந்தோர் பாலை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை என்பதும், அவருள் பலர் ஒரு குவளைப் பாலை உணவோடு சேர்த்துத் தொல்லையின்றி அருந்த இயலும் என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு சிறுபான்மையின் உடலை மனித உடலின் அளவாகக் கொண்டு எல்லோருக்கும் ஒரே உணவை விதிப்பது அறிவியலும் ஆகாது, நீதியும் ஆகாது. ஒவ்வொரு மக்கள் குழுவும் தன் உடலுக்கு ஏற்பப் பாலைப் பக்குவப்படுத்திய அறிவையும் ஊட்டச்சத்து அறிவியல் தன் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.