அழகு ஒரு ஹெல்த் சர்ட்டிபிகேட்டா?

அடுத்த முறை தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அப்படியே அரண்மனைக் கலைக்கூடத்துக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் ஒயிலாக நிற்கிறார். சாய்ந்துகொள்ள வேண்டிய காளையைக் காணோம். சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது! பக்கத்தில் பார்வதி. சிவன் 1011-ல், தேவி 1012-ல் என்கிறது கல்வெட்டுக் கணக்கு. ராஜராஜன் காலம். பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு 1950-களில்தான் இந்தத் திருவெண்காட்டுச் சிலைகள் வெளியே வந்தன.

பார்வதியின் இடையைக் கவனியுங்கள். (தெய்வத்தைப் போய் இப்படியா பார்ப்பது என்று கோபிக்க வேண்டாம். பார்க்கத்தானே ஸ்தபதி செய்தார்?) பிடிக்குள் அடங்கும் இடை, அதற்குக் கீழே அகன்று விரியும் இடுப்பு. இந்த வளைவுக்குப் பின்னால் மருத்துவ ரகசியம் ஏதாவது இருக்கிறதா?

‘இருக்கிறது’ என்று அடித்துச் சொன்னவர் ஓர் இந்தியர்! அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த தேவேந்திர சிங். இடையின் சுற்றளவை இடுப்பின் சுற்றளவால் வகுத்தால் 0.7 வரும் பெண்களையே ஆண்கள் அழகு என்கிறார்கள் என்று 1993-ல் எழுதினார். ஏன் 0.7? பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போதிய அளவு சுரந்தால், கொழுப்பு வயிற்றை விட்டு இடுப்பிலும் தொடையிலும் சேரும். ஆக, அந்த வளைவு ‘நான் ஆரோக்கியம், என்னால் பிள்ளை பெற முடியும்’ என்று உடம்பு மாட்டிக்கொண்ட விளம்பரப் பலகை! இதுதான் அவர் வாதம். பின்னாளில் பழங்காலச் சிற்பங்களின் இடையையும் விடாமல் அளந்தார் மனிதர்.

புதுசு மாதிரி இருக்கிறதா? ம்ஹூம்! ஆறாம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் தன் ‘பிருகத் சம்ஹிதை’யில் பெண்ணின் அங்க லட்சணத்தை வைத்து அவளுடைய எதிர்காலத்தைச் சொல்ல ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நம்ம ஊர் சாமுத்ரிகா லட்சணமும் அதே சங்கதிதான். பழையவர்கள் ‘அதிர்ஷ்டம்’ என்றார்கள், புதியவர்கள் ‘ஹார்மோன்’ என்றார்கள்.

ஹார்மோன் என்றதும் ஒரு வேடிக்கையான தற்செயல் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டநண்ட்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோஜன் வகையில் ஒன்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1929-ல். அதே 1929-ல்தான் வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடம் ஒரு சோழர் வெண்கலத்தை விலைக்கு வாங்கியது. செம்பியன் மாதேவியின் உருவம் என்று பலர் நம்பும் சிலை. (இல்லை, வெறும் பார்வதிதான் என்பாரும் உண்டு.) இடை, நம்பவே முடியாத அளவுக்கு மெலிசு!

நிஜத்தில் அந்த அரசி எப்படி இருந்தார்? யாருக்கும் தெரியாது. கணவர் கண்டராதித்தர் இறந்த பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேல் வாழ்ந்து, கோனேரிராஜபுரம், ஆடுதுறை என்று ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றினார். அவருடைய ஆரோக்கியத்துக்குச் சாட்சி சொல்வது கல்வெட்டுகள். இடை அல்ல!

சிலையின் இடை வேறொரு விஷயத்தைச் சொல்கிறது. இன்றைக்கும் சுவாமிமலைக்குப் போனால் பார்க்கலாம். ஸ்தபதி ஒரு தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் ‘தாலம்’ கணக்கில் அளவு குறிப்பார். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, இடை இவ்வளவு. எல்லாம் சாஸ்திர அளவு. எந்தப் பெண்ணையும் எதிரே நிறுத்தி அளந்ததில்லை.

சரி, சிலையை விடுங்கள். உயிருள்ள பெண்கள் விஷயத்தில் சோதனைகள் என்ன சொல்கின்றன?

2004-ல் போலந்தில் 119 பெண்களைப் பரிசோதித்தபோது, பெரிய மார்பும் மெல்லிய இடையும் கொண்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அதிகம் என்று வந்தது. 2006-ல் பிரிட்டனில் 59 இளம்பெண்களின் முகங்களை ஆராய்ந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் அதிகம் உள்ள முகங்களுக்குக் கூடுதல் மார்க்! ஆனால், அதே பெண்கள் மேக்கப் போட்டதும் அந்தத் தொடர்பு காணாமல் போய்விட்டது. பவுடருக்கும் லிப்ஸ்டிக்குக்கும் முன்னால் ஹார்மோன் தோற்றது!

2018-ல் வந்ததுதான் பெரிய அடி. சுமார் 250 பெண்களின் உமிழ்நீரில் ஹார்மோனை அளந்து, முக அழகோடும் இடை–இடுப்புக் கணக்கோடும் ஒப்பிட்டார்கள். அழகானவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அதிகம் என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, 1998-ல் இன்னொரு ஆய்வு. பதினேழு வயதில் எடுத்த பழைய போட்டோக்களைக் காட்டி, ‘இவர்களில் யார் ஆரோக்கியம்?’ என்று கேட்டார்கள். அழகானவர்களையெல்லாம் ஆரோக்கியசாலிகள் என்றார்கள் ஜனங்கள். கூடவே இருந்த மருத்துவக் குறிப்புகளைப் புரட்டினால்... அழகுக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமே இல்லை! அழகு கண்ணை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காசநோயாளியின் வெளிறிய தோலையும் பளபளக்கும் கண்களையும் ‘அழகு’ என்று கொண்டாடினார்கள். நோயே அங்கே அலங்காரம்!

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? பெண் பார்க்க வந்தவர்கள், ‘பொண்ணு மூக்கும் முழியுமா, நல்லா வெளுப்பா, கொடி மாதிரி இருக்கா’ என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த வெளுப்பு ரத்தசோகையாக இருக்கலாம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. நெற்களஞ்சியமான டெல்டாவில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தீட்டிய வெள்ளை அரிசியில் இரும்புச்சத்து சொற்பம். போதாததற்கு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் வழியே புகுந்து ரத்தம் குடிக்கக் கொக்கிப்புழு வேறு. ‘கொடி மாதிரி’ இருப்பவள் பிரசவத்தின்போது ரத்தத்தை இழந்தால் தாங்குவாளா? அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இடையின் அளவு ஒன்றுமே சொல்லாது என்பதில்லை. இந்தியப் பெண்களுக்கு இடையளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதைச் சொல்வது இஞ்ச் டேப். அழகென்று மயங்கும் கண்ணுக்கு அது தெரியாது!

ஆகவே, தஞ்சாவூரில் அந்தப் பார்வதியை ஆசை தீரப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கைவேலைக்குக் கும்பிடு போடுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும், ‘இளைச்சு அழகாயிட்டே!’ என்று மகளையோ மருமகளையோ மெச்சுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்!