தமிழ்நாட்டுத் தேர்தல் களத்தில் திரை நடிகர்கள்

தமிழ்நாட்டில் நடிகர்கள் முதலில் பிறருக்கு வாக்குக் கேட்கத்தான் மேடையேறினார்கள், வேட்பாளரானது பிறகு. காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடிய கே. பி. சுந்தராம்பாள் 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். மக்கள் வாக்கில் சட்டமன்றம் புகுந்த முன்னோடி எஸ். எஸ். ராஜேந்திரன், 1962இல் திமுக வேட்பாளராகத் தேனியில் வென்றார்.

எம்.ஜி.ஆரின் கதை வேறு. 1967 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், ஜனவரி 12 அன்று, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம். ஆர். ராதா அவரைச் சுட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவரது படம் சுவரொட்டியாகி மூலைமுடுக்கெல்லாம் போனது. பிரச்சாரத்துக்குப் போகாமலே பரங்கிமலையில் வென்றார். 1984இலும் அப்படித்தான்: நியூயார்க்கில் சிகிச்சையில் இருந்தபடியே ஆண்டிபட்டியைக் கைப்பற்றினார்.

இதையெல்லாம் முகராசி என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையான பலம் ரசிகர் மன்றங்களில் இருந்தது. எம்.ஜி.ஆர் திமுகவில் இருந்த காலம் முழுக்க அந்த மன்றங்கள் கட்சிக் கிளைகளுக்கு இணையாகக் கொடி கட்டி, ஆள் திரட்டிப் பழகியிருந்தன. 1972 அக்டோபரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு அவர் அதிமுகவைத் தொடங்கியதும், அவற்றில் பெரும்பாலானவை புதுக் கட்சியின் கிளைகளாயின. ஏழே மாதத்தில் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அதன் சின்னமான இரட்டை இலை வென்றது. வேட்பாளர் மாயத்தேவர் நடிகரல்ல, வழக்கறிஞர். 1977இல் முதல்வரான எம்.ஜி.ஆர், இடையில் 1980இல் சில மாதங்கள் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது நீங்கலாக, 1987இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

நடிப்பில் அவரைவிட உயர்வாகப் போற்றப்பட்ட சிவாஜி கணேசன், 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு திருவையாற்றில் திமுகவிடம் தோற்றார். கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் போடிநாயக்கனூரில் வென்ற ஜெயலலிதா 1991இல் முதல்வரானார். நட்சத்திரப் புகழைவிட, எம்.ஜி.ஆர் கட்டிய அமைப்பும், அவர் மறைவுக்குப் பின் கட்சிப் பிளவில் முடக்கப்பட்டு மீட்கப்பட்ட இரட்டை இலையுமே அவருக்குப் பெரிய முதல்.

விஜயகாந்த் 2005இல் மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார். 2006இல் கூட்டணியின்றி நின்று விருத்தாசலத்தில் அவர் ஒருவரே வென்றாலும், கட்சி எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியது. 2011இல் அதிமுக கூட்டணியில் 29 இடங்கள். அவர் எதிர்க்கட்சித் தலைவர். 2016இல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டும் போனது.

ரஜினிகாந்த் 2017 கடைசி நாளில் அரசியலுக்கு வருவதாக அறிவித்து, 2020 டிசம்பரில் பின்வாங்கினார். கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். 2024 பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கிய விஜய், பல ஆண்டுகள் முன்பே தம் ரசிகர் மன்றங்களை மக்கள் இயக்கமாக மாற்றியிருந்தார். அதன் உறுப்பினர்கள் 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலிலேயே போட்டியிட்டுப் பல வார்டுகளைப் பிடித்திருந்தார்கள்.