கர்ணம் முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை: பதவிப்பெயரும் பணிமூப்பும்

ஒரு பதவியின் பெயர் மாறும்போது, அதனை வகித்தவரின் பணிமூப்பு என்னவாகிறது? தமிழகச் சிற்றூர் நிருவாகத்தில் 1980ஆம் ஆண்டு நிகழ்ந்த மாற்றத்தை முன்வைத்து இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது.

இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஆலங்குளம் அக்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இவ்வட்டாரம் உள்ளிட்ட தமிழக ஊர்களில் நிலக்கணக்குகளைக் கர்ணம் பேணினார். மக்கள் வழக்கில் அவர் கணக்குப்பிள்ளை. வரி தண்டும் பொறுப்பு கிராம முன்சீப்புக்கு உரியது. 1895ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் இத்தகைய பதவிகளுக்குப் பரம்பரை உரிமையை ஏற்றது. எனவே, பணியில் கழிந்த ஆண்டுகளைவிடக் குடிவழியே ஒருவரது தகுதியை உறுதி செய்தது.

இவ்வடிப்படை படிப்படியாகத் தகர்ந்தது. குண்டூர் மாவட்டத்துக் கிராம முன்சீப் பதவி குறித்த வழக்கில், பரம்பரை முன்னுரிமை அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. 1970ஆம் ஆண்டுப் பணி விதிகள் கல்வித் தகுதியை வலியுறுத்தின. ஆயினும், பதவிகள் பகுதிநேரப் பணிகளாகவே நீடித்தன.

1980 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்று பகுதிநேரப் பதவிகள் அனைத்தையும் ஒழித்தது. அடுத்த மாதமே முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவாக்கப்பட்டது. கணக்கும் வரித்தண்டலும் ஊரில் தொடர்ந்தன. அவற்றைச் செய்து வந்தவர்களின் பணித்தொடர்ச்சியே அறுபட்டது. இதனை எதிர்த்த கே. இராஜேந்திரன் வழக்கில், பதவியை நல்லெண்ணத்துடன் ஒழிப்பது பணிநீக்கத் தண்டனை ஆகாது என உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. எனினும், வயது வரம்பைக் கடவாத, குறைந்தபட்சக் கல்வித் தகுதியுடைய முன்னாள் அலுவலர்களைக் குழுவின் ஆய்வுக்குப்பின் புதிய பதவியில் அமர்த்த அரசு நீதிமன்றத்தில் இசைந்தது.

இங்கு இரு அளவுகோல்கள் மோதின. ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் அறிந்த ஒருவரது பட்டறிவு ஊருக்குள் பெருமதிப்புடையது. புதிய பணியமைப்பிலோ நுழைவுரிமையைக் கல்விச் சான்றிதழே தீர்மானித்தது. பரம்பரை ஆதிக்கத்தை அகற்றப் பொதுத்தகுதி இன்றியமையாததாயிற்று; அதே அளவுகோல், பரம்பரை வழி வாராத, ஆனால் பள்ளியிறுதித் தேர்ச்சியற்ற பட்டறிவாளரையும் வெளியே நிறுத்தவல்லது.

பணிமூப்பு ஒருவரோடு தானாகப் பெயர்ந்து செல்வதில்லை; அதனை ஏற்கும் விதி புதிய பதவியில் இருந்தால்தான் அது நிலைக்கும். பெயர்மாற்றத்தை மட்டும் காணும் வரலாறு, அதனால் பணியாளர் இழந்ததைக் காணத் தவறிவிடும்.