சரக்குத் தரகரும் சட்டமும்

வீடு மாற்றி வேற்றூர் செல்லும்போது, தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்துடன் நாம் ரயிலேறுகிறோம். வடவர் அதனைப் ‘பில்டி’ என்பர். நமக்கு அது லாரி ரசீது. அதில் கையொப்பமிட்டவர் பெரும்பாலும் லாரியின் உரிமையாளர் அல்லர்; ஓட்டுநரும் அல்லர்; ஒரு மேசையும் தொலைபேசியும் வைத்து அமர்ந்திருக்கும் தரகரே. சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்பர் ஒருவரின் சாமான்கள் வழியில் மழையில் நனைந்து பாழாயின. ரசீதில் கண்ட முகவரிக்கு நாமும் உடன் சென்றோம். அறை பூட்டிக் கிடந்தது. இத்தகையோரின் பெயரைப் பதிய வேண்டுமென்று சட்டம் எப்போதுதான் விதித்தது என்று அன்று தேடத் தொடங்கினோம்.

மாட்டு வண்டியும் படகும் சரக்கேற்றிய காலத்தில், 1865ஆம் ஆண்டிலேயே, இதற்கெனச் சட்டம் பிறந்தது. கூலிக்கு எல்லோருடைய சரக்கையும் ஏற்றுவோர், பொருள் அழிந்தால் ஈடு செய்ய வேண்டும். அவர்தம் கவனக்குறைவை உரியவர் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. பொன், வெள்ளி, கண்ணாடி முதலியன நூறு ரூபாய்க்கு மேற்பட்டால் மட்டும் மதிப்பை முன்னரே சொல்லிவிட வேண்டும். பட்டும் அப்பட்டியலில் இருந்தது என்பதை நம் மகளிர் கவனிப்பார்களாக! இவ்வளவு விரிவாக எழுதியவர்கள், தொழில் செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை.

லாரிகள் பெருகியபின் தரகர் இன்றியமையாதவர் ஆனார். நாமக்கல்லிலிருந்து வடக்கே வந்து சரக்கிறக்கிய ஓட்டுநர், வெறும் வண்டியோடு திரும்பினால் டீசல் செலவுக்கே கட்டாது. திரும்பும் லோடு பிடித்துத் தருபவர் தரகர். வாடகையில் கமிஷன் அவருக்கு. சரக்குக்காரர் லாரிக்காரரை அறியார். லாரிக்காரர் சரக்குக்காரரை அறியார். இருவரையும் அறிந்தவர் அவர் ஒருவரே. ஆயினும் நட்டம் நேர்ந்தால், “நாம் இடையில் நின்றவர்தாமே” என்று விலகிக்கொள்வது அவருக்கு எளிதாயிருந்தது.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் பின்னர்ச் சேர்ந்த ஒரு பிரிவு, சரக்கு சேகரித்து அனுப்பும் ஏஜெண்டுகள் உரிமம் பெறவேண்டும் என்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவு அதனை இன்னும் விரித்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்படாத காப்புத்தொகையை அவரிடம் கேட்கலாம். பத்திரிகையில் விளம்பரம் செய்தால் உரிம எண்ணும் அதில் இருக்கவேண்டும். ஏட்டில் இருந்ததென்னவோ உண்மை. நம் அன்பரின் ரசீதில் எந்த எண்ணும் இல்லை.

பழைய 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் நீக்கியது. 2011 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. புக்கிங் கம்பெனி, ஏஜெண்டு, தரகர் என்று பெயர் சொல்லியே அனைவரையும் அது பதிவுக்குள் கொணர்ந்தது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின் புதுப்பிக்க வேண்டும். ஆனால் சரக்கின் மதிப்பை நாம் எழுதிக் கொடாவிடில், வாடகையைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஈடு கிடையாது. வழக்குத் தொடுக்கு முன் 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பும் தரவேண்டும். அன்று நம் அன்பர் இவ்விரண்டையும் அறியார், நாமும் அறியோம்.

அவரே சென்ற ஆண்டு ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தார். லாரி வந்து நின்றதும், பெட்டி ஒன்றையும் ஏற்றவிடாமல், முதலில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். மாமியார் சீராகத் தந்த ஆட்டுக்கல்லுக்கும் ஒரு மதிப்புப் போட்டே கையொப்பமிட்டார்.