வாவிக்கரையில் ஓர் அமெரிக்க மோட்டார்

அரசர்களின் வரலாற்றைப் பேசுவோர் பலர். அணைகளின் வரலாற்றையும் பாலங்களின் வரலாற்றையும் எழுதி வைத்தோர் உளர். வழியிலே பழுதுபட்டு நின்றுபோன ஒரு மோட்டார் வண்டிக்கும் வரலாறு உண்டோ என்று நேயர்கள் வினவலாம். உண்டு என்பதே என் துணிபு. ஓடுகின்ற மோட்டாரின் வரலாறு அதனை விற்றவர்களின் கணக்கேட்டிலே கிடைக்கும். நின்ற மோட்டார் மீண்டும் ஓடிய வரலாறோ அதனை ஓட வைத்தவர்களின் கைகளில் மட்டுமே தங்கியிருந்தது. அந்தக் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவரும் இந்நாளில் அதனைச் சிறிது சொல்லி வைக்க விரும்புகின்றேன்.

எங்கள் ஊராகிய காத்தான்குடி, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தொலைவில், மேற்கே வாவியும் கிழக்கே கடலுமாக, இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்தது. நெசவும் துணி வாணிகமும் இவ்வூராரின் பழந்தொழில்கள். நகருக்குச் செல்ல வேண்டுமாயின் வாவியைக் கடந்தே ஆகவேண்டும். கல்லடியில் 1924 ஆம் ஆண்டு இரும்புப் பாலம் எழும்வரை தோணியும் ‘பாதை’யுமே துணை. எங்கள் பக்கத்தில் பாதை என்பது வண்டிகளை ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையின் பெயர் என்பதைப் பிற ஊர் நேயர்களுக்காகச் சொல்லி வைக்கின்றேன். அன்றைய தேசாதிபதி மானிங்கின் துணைவியார் பெயர் சூட்டப்பெற்ற அப்பாலம் மிக ஒடுக்கமானது. எதிரே வண்டி வந்தால் ஒரு கரையில் காத்து நிற்க வேண்டும். 2013 இல் அருகே புதிய பாலம் திறக்கப்படும் வரையில் இந்தக் காத்திருப்பு நீடித்தது. 1928 இல் புகைவண்டியும் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. பாலமும் தண்டவாளமும் வந்தபின் மோட்டார் வராமல் இருக்குமா?

வந்த மோட்டார்களில் அமெரிக்க வண்டிகள் பல. பிரித்தானியர் ஆண்ட நாட்டில் அமெரிக்க வண்டிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இங்கிலாந்தில் 1921 முதல் ஒரு குதிரை வலுவுக்கு ஒரு பவுண் வீதம் மோட்டார் வரி விதித்தார்கள். அந்தக் குதிரை வலுவை உண்மையான ஆற்றலைக்கொண்டு அளக்காமல், சிலிண்டரின் குறுக்களவைக் கொண்டு கணக்கிட்டார்கள். ஆகவே ஆங்கிலேயர் ஒடுங்கிய சிலிண்டரும் சிறிய எஞ்சினும் உடைய வண்டிகளைச் செய்தனர். அமெரிக்கருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்களது எஞ்சின் பெரியது, நிதானமாகச் சுழல்வது, பாரத்தையும் மணலையும் கண்டு மூச்சு வாங்காதது. மேலும், கனடா நாட்டிலே போர்ட் நிறுவனமும், ஒஷாவா நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமும் தொழிற்சாலைகள் நடத்தி, வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் வண்டிகளைச் செய்து பேரரசின் நாடுகளுக்கு அனுப்பின. கனடா பேரரசுக்கு உட்பட்டதாதலின் சுங்கத்திலும் சலுகை கிடைத்தது. பிறப்பால் அமெரிக்கராகவும் கடவுச்சீட்டால் கனடியராகவும் அவை வந்து இறங்கின எனலாம்.

அவற்றுள் மூத்தது போர்ட்டின் ‘ரீ’ மொடல். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் அவ்வகையிற் செய்யப்பட்டன. அதன் பெற்றோல் தொட்டி ஆசனத்தின் கீழ் இருந்தது. எண்ணெயை இழுத்துக் கொடுக்கும் பம்பு கிடையாது; தாழ்வை நோக்கித் தானே வழிந்தோட வேண்டியதுதான். அதனால் தொட்டியில் எண்ணெய் குறைந்தபோது செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் தாகத்தால் நின்றுவிடும். மலைநாட்டுச் சாரதிகள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே ஏற்றிச் செல்வார்களாம். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது கல்லடிப் பாலத்தின் ஏறுவாய் ஒன்றே. ஆதலின் அந்தத் தொல்லை எங்களுக்கு இல்லை.

நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அமெரிக்க விவசாயி பட்டறையிலிருந்து பல மைல் தொலைவில் வாழ்ந்தவன். அவன் தன் வண்டியைத் தன் களஞ்சியத்திலேயே சில ஸ்பானர்களைக்கொண்டு திறந்து பார்க்கத்தக்கதாக அந்த வண்டிகள் ஆக்கப்பட்டிருந்தன. அவனை எண்ணிச் செய்த வசதி, வாவிக்கரையில் கிடுகுக் கொட்டிலில் வண்டியை நிறுத்தியிருந்த எங்களவருக்கும் கைகொடுத்தது. வண்டியோடு வந்த ஆங்கில நூலை அவர்களிற் பலர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் நேரவில்லை.

அவர்கள் தொழில் கற்றது எங்கே? இரண்டாம் உலகப் போருக்குப் பின் படையினர் கழித்துவிட்ட ஜீப்புகளும் லொறிகளும் ஒரு பள்ளிக்கூடம். அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கல்லோயா. 1949 இல் மொறிசன்-நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணைகட்டத் தொடங்கியபோது, மண் அள்ளும் பெரும் பொறிகள் மட்டக்களப்பு மாவட்டத்தின் காட்டுக்குள் வந்து இறங்கின. அம்பாறை அப்போது தனி மாவட்டமாகவில்லை. அது 1961 இல் நிகழ்ந்தது. எங்கள் ஊரிலிருந்து பதினைந்து வயதில் அங்கே சென்று, பொறிகளின் உறுப்புக்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுக்கும் எடுபிடியாகச் சேர்ந்த ஒருவரை நான் அறிவேன். பின்னாளில் ஊருக்குத் திரும்பி, வீட்டு முற்றத்திலே தொழில் நடத்தினார். ஊரார் எல்லாரும் அவரைக் ‘காக்கா’ என்றே அழைத்தனர். வயதால் என் வாப்பாவுக்கும் மூத்தவராகிய அவரைச் சிறுவனாகிய நானும் அவ்வாறே அழைத்தேன்.

என் மூத்தவாப்பா துணி வியாபாரி. 1956 இல் அவர் வாங்கிய பழைய வண்டி 1948 ஆம் ஆண்டுச் செவ்ரோலே. ஆறு சிலிண்டர்; ஆறு வோல்ற் பற்றறி; தொண்ணூறு குதிரை வலு. அந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. சுழல் தண்டைப் பற்றும் இணைப்புத் தண்டுகளில், இக்காலத்தைப் போலக் கழற்றி மாற்றும் தகடுகள் இல்லை; வெள்ளீயம் முதலியன கலந்த மென்மையான வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்திருப்பார்கள். எண்ணெய் குறைந்து வேகமும் கூடினால் அது தேய்ந்து, ‘டொக் டொக்’ என்று தட்டத் தொடங்கும். எந்தச் சிலிண்டரில் தட்டுகின்றது என்று அறிவது எவ்வாறு? காக்கா ஒரு நீண்ட மரக்குச்சியின் ஒரு நுனியை எஞ்சினில் ஊன்றி மறுநுனியைக் காதில் வைப்பார். பிறகு ஒவ்வொரு பிளக்கின் மின்சாரத்தையும் முறையே தடுத்துப் பார்ப்பார். எதனைத் தடுத்தபோது சத்தம் தணிகின்றதோ, நோய் அங்கே. புதிதாக உலோகம் வார்த்தபின் தண்டில் நீலச் சாயம் பூசிப் பொருத்திச் சுழற்றுவார். நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுவார். மீண்டும் பூசுவார், மீண்டும் சுரண்டுவார். ஒரு நாள் முழுதும் இந்த வேலையிலேயே கழியும்.

1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியதால் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977 வரை புதிய காரைக் காண்பதே அரிது; உதிரிப்பாகம் அதனினும் அரிது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய உறுப்புக்களைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர்! அங்கும் கிடையாதபோது தாமே செய்துகொண்டார்கள். தக்கையும் தடித்த காகிதமும் வெட்டி எண்ணெய்க் கசிவை அடைத்தார்கள். மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் முனைகளுக்கிடையே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினெட்டுப் பங்கு அளவான இடைவெளி வேண்டும். காக்காவிடம் அளவுத் தகடு கிடையாது. கலியாண அழைப்பிதழ் அட்டையின் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ‘நல்ல குடும்பத்துக் கலியாணம், அட்டை தடிப்பு’ என்று சொல்லிச் சிரிப்பார். இந்தப் பதினேழு ஆண்டுகளை வறுமைக் காலம் என்று மட்டும் எழுதுவோர் உண்டு. மறுக்கவில்லை, ஆயினும் எங்கள் மெக்கானிக்குகள் தொழிலில் முதிர்ந்ததும் அக்காலத்திலேதான்.

1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நேயர்களிற் பலர் அறிவீர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. விடிந்தபோது தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. செவ்ரோலே நின்ற கொட்டிலின் கூரை பறந்து, வண்டி மழையிலே ஊறிக் கிடந்தது. மூன்றாம் நாள் மரங்களை வெட்டி வீதியை ஓரளவு திறந்தார்கள். அன்று முற்பகலில் என் உம்மாவுக்குப் பிரசவ நோவு கண்டது. நிலைமை நல்லதன்று, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவிச்சி சொன்னார். வண்டியோ முனகவும் இல்லை.

வாப்பா பதற்றத்தில் காபரேற்றரைக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டார். ஒரு மணித்தியாலம் வீணாயிற்று. காக்கா இடிந்த வேலிகளைத் தாண்டி வந்து சேர்ந்தார். பாயைப் பார்த்தார்.

“தம்பி, அதைத் திரும்பப் பூட்டுங்க. முதல்ல நெருப்பு, பிறகு எண்ணெய், கடைசியிலதான் காத்து. முறை மாறினா நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.”

விளக்கைப் போடச் சொன்னார். மங்கலாயினும் எரிந்தது, பற்றறி சாகவில்லை. ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி எஞ்சின் உடம்புக்குக் கால் அங்குலத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியால் சுழற்றச் சொன்னார். பொறி இல்லை. அடுத்து, மின்சாரத்தை ஆறு சிலிண்டருக்கும் பங்கிடும் மூடியின் நடுக்கம்பியைக் கழற்றி அவ்வாறே பிடித்தார். நீலப்பொறி ‘சட்’டென்று பாய்ந்தது! நடுக்கம்பி வரையில் மின்சாரம் வருகின்றது, பிளக்குக்குப் போகவில்லை, ஆகவே குற்றம் பெரும்பாலும் அந்த மூடியிலேதான் இருக்க வேண்டும். தருக்க நூலைப் பல்கலைக்கழகத்திலே படித்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. மூடியின் உட்புறத்தில், பென்சிலால் கீறியதுபோல ஒரு மெல்லிய கரிக்கோடு தெரிந்தது. ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து எரித்த தடம் அது. பேனாக்கத்தியால் அதைச் சுரண்டி, அடுப்பங்கரையில் மூடியை உலர்த்தி, சுரண்டிய இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்தார். “ஆஸ்பத்திரிக்குப் போகக் காணும்” என்றார்.

பிறகும் எஞ்சின் இருமுறை இருமி நின்றது. நெருப்பு உண்டு, இனி எண்ணெய். பெற்றோல் வடியும் கண்ணாடிக் கிண்ணத்தைக் காக்கா சுட்டிக்காட்டினார். அடியிலே நீர், மேலே பெற்றோல், இடையே தெளிவான ஒரு கோடு. தொட்டியின் மூடி நெகிழ்ந்து மழை உள்ளே புகுந்திருக்கின்றது. ஒரு பழுது மற்றொரு பழுதை மறைத்து நின்றதைப் பாருங்கள். நீரை வடித்துக் கொட்டிவிட்டு அவரே கைப்பிடியைப் பிடித்தார். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டார். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும். மூன்றாம் சுழற்றில் எஞ்சின் எழுந்தது. கல்லடிப் பாலத்தில் எதிரே வந்த லொறி ஒன்றுக்காகக் காத்து நின்ற அந்தச் சில நிமிடங்கள்தாம் என் வாழ்நாளில் மிக நீண்டவை. அன்று மாலை பிறந்த என் தங்கைக்கு இப்போது பேரப்பிள்ளை உண்டு.

1973 இல் எண்ணெய் விலை ஏறியபோதே இத்தகைய பெரிய வண்டிகளுக்குக் கெட்ட காலம் பிறந்துவிட்டது. 1977 இன் பின் யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. பல அமெரிக்க வண்டிகளுக்கு டீசல் எஞ்சினை வைத்து வாடகைக்கு ஓட்டினார்கள். பல இரும்புக் கடைக்குப் போயின. எனினும் பழைய எஞ்சினின் அருமை மற்றொருமுறை வெளிப்பட்டது. 1990 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சிறிதளவு பெற்றோலால் உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டினார்கள். அவை பெரும்பாலும் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கில வண்டிகள். ஆயினும் சூத்திரம் ஒன்றே: அக்கால எஞ்சின்கள் வாயுவை அதிகம் அழுத்துவதில்லை, ஆகவே தரம் குறைந்த எண்ணெயையும் புகைத்துக்கொண்டாவது ஏற்றுக்கொண்டன. இன்றைய எஞ்சினிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

செவ்ரோலே இன்றும் எங்கள் வீட்டில் நிற்கின்றது. கடற்காற்று கதவுகளின் அடியை அரித்துவிட்டது. யப்பானிய எஞ்சின் ஒன்றை வைத்துவிடலாம் என்று மருமகன் ஆண்டுதோறும் சொல்லுகின்றார். நியாயமான யோசனைதான், ஆனாலும் நான் இசையவில்லை. காக்கா சில ஆண்டுகளுக்குமுன் காலமானார். அவர் ஓர் எழுத்தும் எழுதி வைத்தவரல்லர். ஆறு பிளக்கும் எந்த வரிசையில் எரியவேண்டும் என்பதை மட்டும் எங்கள் கராஜ் கதவின் உட்புறத்தில் ஆணியால் கீறியிருந்தார்: 1, 5, 3, 6, 2, 4. சென்ற மாதம் வண்டி ஐந்து சிலிண்டரில் நொண்டியபோது, மருமகன் கம்பிகளைக் கழற்றிவிட்டு எது எதற்குரியது என்று தெரியாமல் விழித்தார். கதவைச் சாத்திப் பார்க்கச் சொன்னேன். வாசித்துப் பூட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்: “மாமா, முதல்ல நெருப்பா, எண்ணெயா?”