பழம் பறிக்கப் போனவர்கள்



காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வேலூருக்குள் நுழைகின்றவர்கள், ஆற்றங்கரையை அடுத்து முத்து மண்டபம் என்னும் நினைவிடம் ஒன்றைக் காணலாம். கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை அங்கே இருக்கிறது. 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அவனைப் பிடித்தனர்; மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறைவைத்தனர்; 1832 இல் அவன் இங்கேயே உயிர் நீத்தான். மண்டபம் 1990 இல் எழுப்பப்பட்டது. நாள்தோறும் அவ்வழியே எத்தனையோ பேர் போகின்றனர்; நின்று பார்ப்பவர் சிலரே.

நாட்டை இழந்த மன்னன் இக்கரைக்கு வந்தான். அவன் இழந்த மலைகளுக்கோ இக்கரையிலிருந்து இலட்சக்கணக்கான ஏழை மக்கள் சென்றார்கள். போரிடச் சென்றார்கள் அல்லர். வாணிகம் செய்யவும் சென்றார்கள் அல்லர். பழம் பறிக்கச் சென்றார்கள். இன்று வெளிநாடுகளைச் சுற்றிப் பார்க்கும் இளைஞர் சிலர், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பழத் தோட்டங்களில் சில வாரங்கள் வேலை செய்து வழிச்செலவுக்குப் பொருள் தேடிக்கொள்கிறார்கள். பருவத்துக்குப் போய்ப் பழம் பறித்து ஊர் திரும்பும் இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. ஆனால் நம் முன்னோர் சென்றது ஊர் பார்க்கும் பயணமன்று.

அவர்கள் பறித்தது காப்பிப் பழம். காப்பியைப் பொடியாகவே கண்டு பழகிய நமக்கு, அது ஒரு பழத்தின் வித்து என்பதே மறந்துவிடுகிறது. செடியில் காய்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு சிவக்கும். சிவந்தவற்றைக் காலந்தாழ்த்தாது பறிக்க வேண்டும், விட்டால் உதிர்ந்துபோகும். பறித்த பழத்தை விரைவில் இயந்திரத்திலிட்டுத் தோல் நீக்கி, புளிக்க வைத்து, கழுவி, களத்தில் உலர்த்த வேண்டும். ஆகவே ஆண்டின் மற்ற மாதங்களில் களை எடுக்கவும் கிளை கழிக்கவும் சிறு கூட்டம் போதுமான தோட்டத்துக்கு, பழுக்கும் பருவத்தில் மட்டும் அதனினும் பன்மடங்கு கைகள் தேவைப்படும். இச்செய்தியை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுவே வேர்.

1824 முதல் 1831 வரை இலங்கையில் ஆளுநராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் மலைநாட்டுக்குச் சாலைகள் அமைத்தார். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாமே காப்பித் தோட்டமும் போட்டார். 1833 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றிற்று. அதன் பயனாக ஜமைக்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளில் காப்பி விளைச்சல் சரிந்தது. இலங்கைக் காப்பிக்குச் சந்தை திறந்தது. 1840 ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் மலைக்காடுகளை அரசின் உடைமையாகக் கொண்டது. ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலையில் அவை விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளும் படைத் தலைவர்களும் பலர் இருந்தனர்.

நிலம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. கண்டிச் சிங்களவர் சோம்பர் என்று துரைமார் எழுதிவைத்தார்கள். அதை நான் ஏற்பதில்லை. தமக்கென்று வயலும் தோட்டமும் உடைய உழவன், குறைந்த கூலிக்குப் பிறன் தோட்டத்தில் ஏன் போய் நிற்பான்? காடு வெட்டும் வேலையைக் குத்தகையாக எடுத்துச் செய்தவர்கள் அவர்களே. கைப்பிடி நிலமும் இல்லாதவர்கள் கடலுக்கு இப்பால் இருந்தார்கள். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளில், மழை பொய்த்தால் உணவில்லை, பெய்தாலும் உரிமையில்லை என்னும் நிலையில் வாழ்ந்தவர்கள் ஏராளம்.

1839 இல் சில ஆயிரமாக இருந்த அவர்கள் தொகை, 1844 இல் எழுபதினாயிரத்தைத் தாண்டிற்று. பெரும்பாலார் ஆடவர். ஆடி, ஆவணியில் புறப்பட்டு, பழப் பருவம் முழுதும் உழைத்து, ஊரில் சம்பா அறுவடைக்கும் பொங்கலுக்கும் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். இந்திய அரசு 1839 இல் கடல் கடந்து கூலியாட்கள் செல்வதைத் தடுத்திருந்தது. இலங்கைக்கு மட்டும் அத்தடையை 1847 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிற்று. தடை இருந்த காலத்திலும் போக்குவரத்து நின்றதில்லை. குறுகிய கடலைத் தோணியில் கடப்பவனை யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

நம் வட ஆர்க்காட்டாருக்கு வேறொரு கடல் வழி இருந்தது. 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நவம்பர் 16 ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதற்கப்பல் அதுவே. தொடர்ந்து போன கப்பல்களில் நம் மாவட்டத்தார் மிகப் பலர் ஏறினர். ஆனால் அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். இலங்கைக்குப் போனவனிடம் அத்தகைய ஒப்பந்தச் சீட்டு இல்லை. அவன் விருப்பம்போல் போய் வந்தான் என்று தோன்றும். அங்கேதான் கங்காணி வருகிறான்.

கங்காணி அயலான் அல்லன். பெரும்பாலும் அதே ஊரான், உறவினன். ஊரில் உள்ள கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் முன்பணம் தருவான். தோட்டத்தை அடைந்தபின் அப்பணம் ஆளின் பெயரில் கடனாக ஏறும். கூலி கங்காணியின் கை வழியாகவே வரும். கூலியைத் துரை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் உண்டு. பிற்காலத்தில், ஆளின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டைக் கொடுத்து அவனை மற்றொரு தோட்டத்துக்கு மாற்றும் முறை வளர்ந்தது. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். ஒரு துண்டுத் தாளில் மனிதன் கைமாறினான். 1921 இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வழியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. அங்கிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம். பிறகு மீண்டும் நடை. மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல். வடக்குப் பாதை என்று அதனை அழைத்தனர். போகும் காலத்தில் குளங்கள் வற்றிக் கிடக்கும். திரும்பும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை வழியை மூழ்கடிக்கும். அரிசி மூட்டையும் சட்டியும் தலைமேல். வாந்திபேதி கண்டவனைத் தூக்கிச் செல்லக் கூட்டத்துக்கு வலுவில்லை. மரத்தடியில் விட்டுவிட்டு நடந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் தங்குமிடமோ கிணறோ மருத்துவமோ வழியில் இல்லை என்றே கூறலாம். அவையெல்லாம் மெல்ல மெல்லப் பின்னால் வந்தன. மலைக்குளிர் வேறு, வெயில் நாட்டார்க்கு அது புதிய எதிரி.

1869 இல் யாழ்ப்பாணத்தில் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் நூல் அச்சாயிற்று. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றியது; தோட்ட வேலையைத் துரைமார் பக்கம் நின்று பாடுவது. தமிழில் காப்பித் தோட்டத்தைப் பாடிய அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில், காப்பி இலையின் அடியில் மஞ்சள் நிறத் துரு ஒன்று காணப்பட்டது. ஒரு வகைப் பூஞ்சணம். முதலில் எவரும் அஞ்சவில்லை. விலை ஏறியிருந்ததால் மேலும் காடுகளை அழித்துப் பயிரிட்டார்கள். 1870 களின் தொடக்கத்தில் ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்து இலட்சம் அந்தரை ஒட்டியிருந்தது. மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் 1880 முதல் ஈராண்டுகள் தங்கி ஆராய்ந்து, மலை முழுவதும் ஒரே பயிராக இருப்பதே நோய் பரவ இடம் தந்தது என்று கண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. காப்பி அழிந்தது.

அதன் இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் தொடங்கிய பயிர் அது. தேயிலைக்குப் பழப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். எனவே போய் வரும் ஆடவர் கூட்டம் துரைமாருக்குப் போதவில்லை. பெண்களும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பங்கள் தேவைப்பட்டன. லயங்கள் நீண்டன. தொட்டில்கள் அங்கேயே ஆடின; பிணங்களும் அங்கேயே புதைந்தன. ஆயினும் கொழும்பின் பேச்சில் அவர்கள் பருவத்துக்கு வந்து போகும் கூலிகளாகவே நீடித்தார்கள்.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இப்பேச்சுக்கு உருக்கொடுத்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதை, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பதிவேடு? நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர்; எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை தந்தது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், அவ்வாறு திரும்பி வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவனைப் பள்ளியில் சேர்க்க அவன் தந்தையார் வந்தார். படிவத்தை நிரப்பிக்கொண்டே, “சொந்த ஊர் எது?” என்று கேட்டேன். பதுளைக்கு அருகில் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். “அது இலங்கையில் அல்லவா? இங்கே எந்த ஊர்?” என்றேன். பாட்டனார் எந்த ஊரிலிருந்து நடந்து போனார் என்பது அவருக்குத் தெரியவில்லை. “அங்கே இருந்தபோது, இது உங்கள் ஊர் இல்லை என்றார்கள், ஐயா” என்று மட்டும் சொன்னார். எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் கட்டத்தில் காட்பாடி என்று எழுதினேன்.