கூண்டில் நிற்பவருக்கு ஒரு துணை

நேயர்களே! துவாஸில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறார். அங்கே ஒரு கைகலப்பு, ஒருவர் இறந்துபோகிறார். காவலர் இவரைக் கைது செய்கின்றனர். விசாரணை தொடங்குமுன்பே ஊரார் இவரைக் கொலைகாரர் என்று பேசத் தொடங்கிவிடுகின்றனர். இவர் பக்கம் நின்று பேச யார் இருக்கிறார்?

இந்த இளைஞர் நம் கற்பனை, கேள்வி கற்பனையன்று. அக்கேள்விக்குத் தம் தொழிலால் விடை தந்த டேவிட் மார்ஷலைப் பற்றி இன்று காண்போம்.

மார்ஷல் 1908இல் சிங்கப்பூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1937இல் இலண்டனில் பாரிஸ்டர் ஆனார். போரின்போது ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகி, மறு ஆண்டே பதவி துறந்தார். ஆயினும் மக்கள் மனத்தில் அவர் பெரும் வக்கீலாகவே நின்றார்.

அந்நாளில் கொலை வழக்குகளை ஜூரிகள் எழுவர் கேட்பது வழக்கம். அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். நம்மைப் போன்ற சாதாரண மக்களே. எழுவரில் ஐவர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு முடிவாகிவிடும். குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது அரசாங்கத் தரப்பின் பொறுப்பு. நியாயமான ஐயம் எஞ்சினால் எதிரியை விடுவிக்க வேண்டும். ஆகவே, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, அந்த ஐயம் எங்கே இருக்கிறது என்று ஜூரிகளுக்குக் காட்டுவதே வக்கீலின் வேலை. இக்கலையில் மார்ஷலுக்கு ஈடு சொல்ல அந்நாளில் ஆள் அரிது.

இதே தொழிலில் இருந்த இன்னொரு வக்கீல் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார். அவர் லீ குவான் இயூ. 1950 டிசம்பர்க் கலவரத்தில் நடந்த கொலை தொடர்பாக நான்கு பேருக்கு அவர் வாதாடினார். நால்வரும் கொலைக் குற்றத்திலிருந்து தப்பினர். வென்றவருக்கோ அவ்வெற்றி கசந்தது. ஜூரிகளின் மனத்தை இவ்வளவு எளிதாகத் திருப்பிவிடலாமா என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1959இல் பிரதமரானதும் மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் ஜூரி முறையை ஒடுக்கினார். பத்தாண்டு கழித்து அதையும் நீக்க முனைந்தார்.

1969இல் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின்முன் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். தாம் வாதாடிய நூறு கொலை வழக்குகளில் தொண்ணூற்றொன்பதில் விடுதலை பெற்றுத் தந்ததாக மார்ஷல் கூறினார். அப்படியானால் அந்தத் தொண்ணூற்றொன்பது பேர்மீதும் தவறாகத்தான் குற்றம் சாட்டினார்களா என்று பிரதமர் கேட்டார். அவர்களுக்காக வாதாடுவதே தம் கடமை, அவர்களுக்குத் தீர்ப்புக் கூறுவதன்று என்பதே மார்ஷலின் மறுமொழி.

நேயர்களே, அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. கொலையுண்டவருக்கும் தாய் தந்தையர் உண்டல்லவா? ஆனால் வக்கீலே தம் அறையில் அமர்ந்து, 'இவர் குற்றவாளிதான்' என்று முடிவு செய்துவிட்டால், நீதிமன்றம் எதற்கு? கூண்டில் நிற்பவரின் கடைசித் துணையும் அங்கேயே போய்விடுமே!

அவ்வாண்டே சட்டம் நிறைவேறியது. 1826 முதல் இருந்துவந்த ஜூரி முறை மறைந்தது. அதன்பின் மரண தண்டனை வழக்குகளை நீதிபதிகள் இருவர் கேட்டனர். 1992 முதல் ஒருவரே கேட்கிறார். மார்ஷல் 1978இல் பிரான்சுக்குத் தூதராகச் சென்று பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினார். 1995இல் காலமானார்.

ஜூரி முறை போயிற்று. மார்ஷல் சொன்ன கடமை போகவில்லை. இன்று சிங்கப்பூரில் மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டு வக்கீல் இல்லாமல் நிற்பவர், எந்நாட்டவராயினும், அவருக்கு வக்கீலை அமர்த்தித் தரும் ஏற்பாடு உண்டு. நாம் முதலில் கண்ட துவாஸ் இளைஞரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. அவர் குற்றவாளியா, நிரபராதியா என்பதைப் பிறகு நீதிபதி சொல்லட்டும்.